பைத்தான்ல ஸ்கிரீன் ஜாய்ஸ்டிக்: வட்டம் வரைஞ்சு முடிச்சதுக்கு அப்புறம் இருக்கிற வேலை

ஸ்கிரீன்ல ஒரு பெரிய வட்டம், அதுக்குள்ள ஒரு சின்ன வட்டம், சின்னதை இழுத்தா கூடவே வரணும், விட்டா நடுவுக்குத் திரும்பிடணும். பைத்தான்ல இதை வரையறது சீக்கிரம் முடிஞ்சிடும். ஆனா அதை வெச்சு நிஜமா ஒரு வண்டியை தரையில ஓட்டிப் பாத்தாதான் தெரியும், விரல் எங்க இருக்குன்றதுக்கும் வெளிய போற ரெண்டு நம்பருக்கும் நடுவுல நாம என்ன கணக்கு போடறோமோ அதுலதான் ஜாய்ஸ்டிக்கே இருக்கு. வரையறதைப் பத்தி நிறைய பேர் எழுதியிருக்காங்க, அந்த நடு கணக்கைப் பத்தி கம்மியாதான் பாத்திருக்கேன், அதனால நான் பண்ணதை விவரமா எழுதி வைக்கிறேன்.

வண்டி சின்னதுதான். ரெண்டு மஞ்சள் பிஓ மோட்டார் (கியர் வெச்ச சின்ன மோட்டார்), முன்னாடி ஒரு காஸ்டர் வீல், மோட்டாரை ஓட்டற எல்298என் டிரைவர் போர்டு, ராஸ்பெர்ரி பைன்ற சின்ன கம்ப்யூட்டர் ஒண்ணு, மோட்டாருக்கு ரெண்டு 18650 செல், ராஸ்பெர்ரி பைக்கு தனியா ஒரு பவர் பேங்க். எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்ல சுலபமா கிடைக்கிற சாமான். ஓட்டறது பெரும்பாலும் அக்கா பையன், அவன் விரல்தான் எனக்கு டெஸ்டிங், ஏன்னா அவனுக்கு உள்ள என்ன கணக்கு ஓடுதுன்னு தெரியாது, வண்டி சொன்னபடி கேக்குதா இல்லையான்னு மட்டும்தான் பாப்பான்.

முதல்ல லேப்டாப்ல, ஜன்னல், பட்டன் எல்லாம் வரையற டிகின்டர் லைப்ரரில பண்ணேன், ஏன்னா பைத்தானோடயே வருது, தனியா எதுவும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம் (சில லினக்ஸ்ல மட்டும் தனி பேக்கேஜா போடணும்). 300க்கு 300 கான்வாஸ், நடு 150, 150. வெளி வட்டத்தோட ஆரம் 100, உள்ள இருக்கிற குமிழுக்கு 35. குமிழோட நடு வெளி வட்டத்து கோடு வரைக்கும் போகலாம்னு விட்டேன், அப்போ குமிழ் பாதி வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும், அதுக்கு 50 பிக்சல் ஓரம் இருக்கிறதால வெட்டுப்படாது. வட்டம் வரையற கிரியேட் ஓவலை ஆரம்பத்துல ஒரே ஒரு தடவைதான் கூப்பிடணும், அது தர்ற ஐடியை வெச்சுக்கிட்டு அப்புறம் கோர்ட்ஸ் மெத்தடால நகர்த்திக்கிட்டே இருக்கணும். ஒவ்வொரு நகர்வுக்கும் புதுசா வட்டம் வரைஞ்சா கான்வாஸ்ல பழைய வட்டங்கள் ஆயிரக்கணக்குல சேர்ந்து கொஞ்ச நேரத்துல திணற ஆரம்பிச்சிடும்.

மூணு ஈவென்ட்தான் கட்டணும், பட்டனை அமுக்கறது, அமுக்கிக்கிட்டே நகர்த்தறது, விடறது. டிகின்டர்ல ஒரு நல்ல விஷயம், பட்டனை அமுக்கிப் பிடிச்சிருக்கிற வரைக்கும் மவுஸ் ஜன்னலை விட்டு வெளியவே போனாலும் நகர்வு ஈவென்ட் நமக்கு வந்துக்கிட்டேதான் இருக்கும். அதனால விரல் வட்டத்துக்கு வெளிய எவ்வளவு தூரம் போனாலும் குமிழ் ஓரத்துல நின்னுக்கிட்டு திசையை மட்டும் காட்டணும், அதுக்குத்தான் முதல் கணக்கு.

நடுவுலேர்ந்து விரல் இருக்கிற தூரத்தை மேத் மாட்யூல்ல இருக்கிற ஹைப்பாட்டால எடுக்கணும். தூரம் 100க்கு மேல போனா எக்ஸ் தூரம், ஒய் தூரம் ரெண்டையும் ஒரே அளவால, அதாவது 100 வகுத்தல் தூரம், பெருக்கணும். இங்க நிறைய கோட்ல மின், மேக்ஸ் போட்டு எக்ஸை தனியா, ஒய்யை தனியா வெட்டறாங்க, அப்படி வெட்டினா வட்டம் சதுரமாயிடும், குமிழ் மூலையில போய் உக்காந்துக்கும், அங்க நீளம் 1 இல்ல, 1.414. குறுக்கா தள்ளினா மட்டும் வண்டி எகிறும். ரெண்டையும் ஒரே எண்ணால பெருக்கினாதான் திசை மாறாம நீளம் மட்டும் குறையும். ஆங்கிளை அட்டான்2ல எடுத்து அப்புறம் சைன், காஸ் போட்டு திரும்ப வர்றவங்களும் இருக்காங்க, விடை அதேதான், ஆனா சுத்துவழி.

கடைசியா ரெண்டையும் 100ஆல வகுத்து மைனஸ் 1லேர்ந்து 1க்குள்ள கொண்டுவரணும், ஒய்க்கு மைனஸ் போடணும், ஏன்னா கான்வாஸ்ல ஒய் கீழ போகப் போக ஏறும். இந்தக் கணக்கை ஜன்னல், பட்டன் எதுவும் தெரியாத ஒரு தனி ஃபங்ஷனா வைங்க, ரெண்டு தூரமும் ஆரமும் உள்ள போகும், ரெண்டு நம்பர் வெளிய வரும், அவ்ளோதான். அப்படி வெச்சா டெஸ்ட் பண்றது சுலபம், எக்ஸ் தூரம் 300, ஒய் தூரம் மைனஸ் 400, ஆரம் 100ன்னு குடுத்தா 0.6, 0.8 வரணும், 3-4-5 முக்கோணம்தான், மனக்கணக்காவே சரிபாக்கலாம். இந்த ஃபங்ஷனைப் பிரிச்சு வெச்சதுக்கு பலன் பின்னாடி கிவிக்கு மாறும்போது கிடைச்சுது, சொல்றேன்.

அடுத்தது அனுப்பறது. குமிழ் நகரும்போதெல்லாம் அந்த ஈவென்ட்டுக்குள்ளயே வண்டிக்கு அனுப்பிடலாமேன்னு தோணும். அது ரெண்டு விதத்துல சரிவராது. வேகமா ஆட்டினா கணக்கில்லாம ஈவென்ட் கொட்டும், அத்தனையும் வைஃபைல போய் ஒண்ணும் ஆகப்போறதில்ல. அதைவிட முக்கியமானது, முழுசா முன்னாடி தள்ளி விரலை அசைக்காம வெச்சிருந்தா நகர்வு ஈவென்ட்டே வராது, வண்டிக்கு எதுவும் போகாது, அப்போ வண்டிக்கு விரல் அங்கயே இருக்கா இல்ல லைன் கட்டாயிடுச்சான்னு வித்தியாசமே தெரியாது. அதனால ஈவென்ட்ல எக்ஸ், ஒய் ரெண்டையும் ஒரு வேரியபிள்ல எழுதி வைக்கிறதோட நிறுத்திக்கணும், டிகின்டரோட டைமர் மாதிரியான ஆஃப்டர் மெத்தடுல 50ன்னு போட்டு 50 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை, அதாவது செகண்டுக்கு 20 தடவை, கடைசியா இருக்கிற மதிப்பை அனுப்பிக்கிட்டே இருக்கணும், விரல் அசைஞ்சாலும் அசையலைன்னாலும், நடுவுல ஜீரோவா இருந்தாலும். இதுக்கு டைம் மாட்யூல்ல இருக்கிற ஸ்லீப் போட்டீங்கன்னா ஜன்னல் மொத்தமும் உறைஞ்சிடும், ஆஃப்டர்தான் சரி.

அனுப்பறது யுடிபில, அதாவது போய்ச் சேர்ந்துச்சான்னு பாக்காம அனுப்பிடற நெட்வொர்க் முறையில. போய்ச் சேர்றதை உறுதி பண்ற டிசிபில ஒரு பேக்கெட் தொலைஞ்சா அதைத் திரும்ப வாங்கற வரைக்கும் பின்னாடி வந்ததெல்லாம் வரிசையில காத்துக்கிட்டு நிக்கும், ஜாய்ஸ்டிக்குக்கு அரை செகண்டுக்கு முன்னாடி விரல் எங்க இருந்துச்சுன்ற தகவலால எந்தப் பிரயோஜனமும் இல்ல, தொலைஞ்சா தொலையட்டும், அடுத்தது 50 மில்லி செகண்டுல வந்துடும். ஸ்ட்ரக்ட் மாட்யூலால 4 பைட் பேக்கெட், முதல் 2 பைட் வரிசை எண், அப்புறம் எக்ஸ், ஒய்க்கு ஒவ்வொரு பைட், மைனஸ் 100லேர்ந்து 100 வரைக்கும். வரிசை எண் எதுக்குன்னா யுடிபில பேக்கெட் முன்னபின்ன மாறி வரலாம், பழசு பின்னால வந்தா தூக்கிப் போடணும். 2 பைட்ல 65,536 வரைக்கும்தான் எண்ண முடியும், செகண்டுக்கு 20ன்னா 54 நிமிஷம் சொச்சத்துல திரும்ப ஜீரோ ஆயிடும், அப்போ பெருசு சின்னதுன்னு நேரடியா பாத்தா புதுசு எல்லாமே பழசுன்னு நினைச்சு வண்டி செவிடாயிடும். அதனால புதுசுலேர்ந்து பழசைக் கழிச்சு 65,536ஆல வகுத்த மீதியை எடுக்கணும், மீதி ஜீரோவா இருந்தா அதே பேக்கெட், 32,768க்குக் கீழ இருந்தா புதுசு. ஆப்பை மூடித் திறந்தாலும் இதே பிரச்சினை வரும், எண் ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கும், அதுக்கு ஒரு விதி வெச்சேன், லைன் கட்டாகி வண்டி நின்ன பிறகு முதல்ல வர்ற பேக்கெட் எந்த எண்ணா இருந்தாலும் ஏத்துக்கணும்.

லைன் கட்டானா நிக்கணும்ன்றது வண்டிப் பக்கத்துல இருக்க வேண்டிய கோட். பேக்கெட் வாங்கற சாக்கெட்டுக்கு 0.3 செகண்ட் டைம்அவுட், அதுக்குள்ள எதுவும் வரலைன்னா எக்செப்ஷன் வரும், அங்க மோட்டாரை நிறுத்தறோம். இதை தயவுசெஞ்சு கடைசில பாத்துக்கலாம்னு விடாதீங்க, வண்டியில கோட் எழுதும்போது முதல்ல எழுத வேண்டியதே இதுதான். ஜாய்ஸ்டிக் ஆப் கிராஷ் ஆகலாம், போன்ல கால் வரலாம், சார்ஜ் போகலாம், எதுவானாலும் வண்டி தானா நிக்கணும், ஓட்டறது சின்னப் பையனா இருக்கும்போது ரொம்பவே.

மோட்டார் பக்கம் ஜிபிஐஓ ஜீரோ லைப்ரரில ரோபாட்னு ஒரு கிளாஸ் இருக்கு, இடது வலதுன்னு மைனஸ் 1லேர்ந்து 1 வரைக்கும் ரெண்டு நம்பர் குடுத்தா பிடபிள்யூஎம் (கரன்டை வேகமா விட்டு விட்டுக் குடுத்து வேகத்தை மாத்தற முறை) அதுவே பாத்துக்கும். எல்298என் போர்டுல இஎன்ஏ, இஎன்பி ஜம்பரை எடுக்காம அப்படியே விட்டுட்டு நாலு இன்புட் பின்னை மட்டும் பைக்கு இழுத்தா போதும், பையோட கிரவுண்டும் போர்டோட கிரவுண்டும் ஒண்ணா இருக்கணும்ன்றதை மறக்காம. அந்த போர்டு சும்மாவே 2 வோல்ட் போல சாப்பிட்டுடும், உள்ள இருக்கிறது பைபோலார் டிரான்சிஸ்டர், அதனால 7.4 வோல்ட் செல் போட்டா மோட்டாருக்குக் கிடைக்கிறது ஐந்தரை போலதான், பிஓ மோட்டாருக்கு அது சரியா இருக்கும்.

எக்ஸ், ஒய்யை ரெண்டு சக்கரமா மாத்தற கணக்கு இது:

இடது = ஒய் + எக்ஸ்
வலது = ஒய் - எக்ஸ்

குறுக்கா முழுசா தள்ளினா எக்ஸ், ஒய் ரெண்டும் 0.707, இடது 1.414, வலது ஜீரோ. 1.414ஐ மட்டும் 1க்கு வெட்டாம, ரெண்டுல பெருசு எதுவோ அது 1க்கு மேல இருந்தா ரெண்டையுமே அதால வகுக்கணும், இல்லன்னா திருப்பத்தோட வளைவு மாறிடும்.

இப்போ ஓட்டக் குடுத்தேன். கொஞ்ச நேரம் ஓட்டிட்டு "மாமா, நேராதான் தள்றேன், ஒரு பக்கமாவே இழுக்குது"ன்னான்.

இதுல ரெண்டு காரணம் ஒண்ணா கலந்திருக்கும், முதல்ல பிரிக்கணும். ஜாய்ஸ்டிக்குக்குக் கீழ எக்ஸ், ஒய் மதிப்பை பெரிய எழுத்துல காட்ட வெச்சேன். அவன் நேரா தள்றதா நினைக்கும்போது எக்ஸ் 0.1, 0.15ன்னு நின்னுக்கிட்டிருந்துச்சு. கட்டைவிரல் அடி மூட்டுலேர்ந்து சுத்தறதால அதோட பாதையே ஒரு வில்லு, நேர்கோடா மேல போகாது, இது அவன் தப்பில்ல, யாரோட விரலும் அப்படித்தான். அப்புறம் கோட்ல எக்ஸை ஜீரோன்னு கட்டி ஓட்டிப் பாத்தேன், அப்பவும் லேசா இழுத்துச்சு, அது மோட்டார், ஒரே டப்பால வாங்கின ரெண்டு பிஓ மோட்டார் ஒரே வேகத்துல சுத்தாது. மோட்டாருக்கு வண்டிப் பக்கத்துல வேகமா சுத்தற பக்கத்தை 0.94ஆல பெருக்கி சரிபண்ணேன், அந்த எண் உங்க வண்டிக்கு வேற வரும், தரையில டேப் ஒட்டி அது மேல ஓட்டிப் பாத்து கண்டுபிடிக்க வேண்டியதுதான்.

விரலுக்கு டெட் ஸோன். சாதாரண டெட் ஸோன்னா நடுவுல ஒரு சின்ன வட்டம், அதுக்குள்ள இருந்தா ஜீரோ. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலருக்கு மைக்ரோசாஃப்ட் குடுத்திருக்கிற இடது ஸ்டிக் எண் 32,767க்கு 7,849, ஏறக்குறைய 24 சதவீதம். அது நிஜ ஸ்டிக்குக்கு, ஸ்பிரிங் தளர்ந்து, தேஞ்சு, விட்ட பிறகும் சரியா நடுவுல நிக்காம இருக்கும், அதுக்கு அவ்வளவு வேணும். ஸ்கிரீன் ஜாய்ஸ்டிக்ல விட்டா அச்சு அசலா ஜீரோ, அதனால அந்த எண்ணை அப்படியே எடுத்துப் போடறதுல அர்த்தமில்ல, விரல் வெச்ச உடனே ஏற்படற சின்ன அசைவை மறைக்க 0.12 போதும். ஆனா 0.12க்குக் கீழ ஜீரோ, மேல அப்படியேன்னு விட்டா வேகம் ஜீரோலேர்ந்து 0.12க்கு குதிக்கும், மெதுவா கிளப்பவே முடியாது. அதனால நீளத்துலேர்ந்து 0.12 கழிச்சு 0.88ஆல வகுக்கணும், அப்போ ஓரத்தைத் தாண்டின உடனே ஜீரோலேர்ந்து மெதுவா ஏறி கடைசில 1 வரும். இதையும் நீளத்துக்குத்தான் பண்ணணும், எக்ஸ், ஒய்க்கு தனித்தனியா பண்ணக் கூடாது.

நேரா போற பிரச்சினைக்கு இது மட்டும் போதாது, ஏன்னா முழுசா மேல தள்ளியிருக்கும்போது விரல் நடு வட்டத்துலயே இல்ல. அதுக்குத் தனியா எக்ஸுக்கு மட்டும் ஒரு பட்டை வெச்சேன், அகலம் ஒய்யோட அளவைப் பொறுத்து மாறும், 0.15 பெருக்கல் ஒய். முழுசா மேல தள்ளினா எக்ஸ் 0.15 வரைக்கும் கண்டுக்காது, ஒய் குறையக் குறைய பட்டையும் ஒடுங்கிடும், அதனால மெதுவா போகும்போது நுணுக்கமா திருப்பறது கெடல. வரைஞ்சு பாத்தா மேலயும் கீழயும் விரிஞ்சு நடுவுல ஒடுங்கி உடுக்கை மாதிரி இருக்கும். இதைப் போட்டப்புறம் அவன் வராண்டால நேரா ஓட்ட ஆரம்பிச்சான், மொத்த வேலையிலயும் இந்த ஒரு மாத்தம்தான் வண்டியை வேற வண்டியா ஆக்குச்சுன்னு சொல்லுவேன்.

அடுத்த புகார் ரிவர்ஸ். ஸ்டிக்கை கீழ வலது பக்கம் இழுத்தா வண்டி பின்னாடி இடது பக்கம் போகும், அந்தக் கணக்குல அப்படித்தான் வரும். கார்ல ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிச்சு ரிவர்ஸ் எடுத்தா பின்பக்கம் வலதுக்குத்தான் போகும், பையன் எதிர்பாக்கறதும் அதேதான். ஒய் மைனஸ் ஆன உடனே எக்ஸைத் திருப்பிடலாம்னு பாத்தா, நின்ன இடத்துல சுத்தறதுக்கு ஸ்டிக்கை பக்கவாட்டுல வெச்சிருக்கும்போது விரல் ஒரு முடி கீழ இறங்கினாலும் சுத்தற திசை பட்டுன்னு மாறிடும். அதனால ஒய் மைனஸ் 0.2 வரைக்கும் பழையபடி, மைனஸ் 0.5க்குக் கீழ முழுசா திருப்பம், நடுவுல ஒரு எண்ணை 1லேர்ந்து மைனஸ் 1க்கு சீரா இறக்கி அதால எக்ஸைப் பெருக்கறேன். குதிப்பு போயிடுச்சு.

வேகத்துக்கு வளைவு. நேர்கோடா விட்டா பாதி தள்ளினா பாதி வேகம், சின்ன இடத்துல ஓட்ட அது ரொம்ப முரட்டுத்தனமா இருக்கு. நீளத்தை மூணு தடவை பெருக்கி அதுல பாதி, நீளத்துல பாதி, ரெண்டையும் கூட்டினா பாதி தள்ளும்போது 0.31 வேகம், முழுசா தள்ளினா 1. பிஓ மோட்டாருக்கு இன்னொரு குணம், கம்மி பிடபிள்யூஎம்ல சுத்தாம ங்ஙுன்னு சத்தம் மட்டும் போடும். அதுக்கு ஜீரோ இல்லாத எந்த மதிப்பையும் 0.35லேர்ந்து ஆரம்பிக்கிற மாதிரி நீட்டணும். இதை ஜாய்ஸ்டிக் ஆப்ல போடாம வண்டிப் பக்கத்துல போட்டேன், மோட்டாரோட குணம் மோட்டார்கிட்டயே இருக்கட்டும், நாளைக்கு அதே ஜாய்ஸ்டிக்கை வேற எதுக்காவது மாட்டினா தொட வேண்டி வராது.

லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு ஓட்ட முடியாது, போனுக்கு வரணும். டிகின்டர் தொடுதிரையை மவுஸாத்தான் பாக்கும், ஒரு விரல்தான், ஜாய்ஸ்டிக்கைப் பிடிச்சுக்கிட்டே ஹார்ன் அமுக்க முடியாது. கேம் எழுதற லைப்ரரியான பைகேம் 2ல ஃபிங்கர் ஈவென்ட் இருக்கு, ஒவ்வொரு விரலுக்கும் ஐடி வரும், இடம் 0லேர்ந்து 1க்குள்ள வரும். நான் தொடுதிரை ஆப் எழுதற கிவி லைப்ரரிக்குப் போனேன், பில்டோசர்ன்ற டூலால ஆண்ட்ராய்டுக்கு ஏபிகே (போன்ல இன்ஸ்டால் பண்ற ஃபைல்) எடுக்கலாம்னு. தனியா வெச்ச அந்தக் கணக்கு ஃபங்ஷன் அப்படியே வந்துடுச்சு, மாத்தினது ஒய்க்கு முன்னாடி இருந்த மைனஸ் மட்டும்தான், கிவில ஒய் மேல போகப் போக ஏறும்.

கிவில யாருக்கு எந்த விரல் சொந்தம்ன்றதுதான் முக்கியம். விரல் பட்டதைச் சொல்ற ஆன் டச் டவுன் ஈவென்ட் எல்லா விட்ஜெட்டுக்கும் (பட்டன், ஜாய்ஸ்டிக் மாதிரி ஸ்கிரீன்ல இருக்கிற உருப்படிக்கு) போகும், தொட்டது நம்ம மேலதானான்னு கொலைட் பாயின்ட் வெச்சு நாமதான் பாக்கணும். நம்மதுன்னா அந்த டச்சை கிராப் பண்ணணும், அதாவது இந்த விரல் எனக்குன்னு பிடிச்சு வெச்சுக்கணும். கிராப் பண்ணாம விட்டா, விரல் ஜாய்ஸ்டிக்கை விட்டு நழுவி பக்கத்துல இருக்கிற பட்டன் மேல போய் தூக்கும்போது, அந்த பட்டன் அந்த ஈவென்ட்டை வாங்கிக்கிட்டா நமக்கு ஆன் டச் அப் வராமலே போகலாம், குமிழ் மேலயே நிக்கும், டைமர் விடாம முழு வேகம்னு அனுப்பிக்கிட்டே இருக்கும். கவனிங்க, இங்க வண்டிப் பக்கத்து டைம்அவுட்டும் காப்பாத்தாது, ஏன்னா லைன் நல்லாத்தான் இருக்கு. அதனால கிராப் கட்டாயம், விடும்போது கிராப் கரன்ட் நாமதானான்னு பாத்து அன்கிராப் பண்ணி எக்ஸ், ஒய்யை ஜீரோவாக்கணும். கிராப் பண்ண டச் ரெண்டு தடவை வரும், சாதாரணமா ஒரு தடவை, கிராப் வழியா ஒரு தடவை, அந்த செக் இருந்தா ரெண்டாவது மட்டும்தான் எடுத்துக்கும். ஏற்கனவே ஒரு விரல் பிடிச்சிருக்கும்போது இன்னொரு விரல் அதே ஜாய்ஸ்டிக்குல வந்தா கண்டுக்காம விடணும்.

விட்ட பிறகு குமிழ் நடுவுக்கு வழுக்கிக்கிட்டு வர்ற மாதிரி அனிமேஷன் போட்டேன், பாக்க நல்லா இருக்கு, ஆனா வெளிய போற மதிப்பு விரலை எடுத்த கணமே ஜீரோ ஆகணும், அனிமேஷனோட சேர்ந்து இறங்கக் கூடாது. அதே மாதிரி ஆப் பின்னணிக்குப் போகும்போது வர்ற ஆன் பாஸ்லயும் ஜீரோ ஒண்ணு அனுப்பிடறேன்.

போன்ல இன்னொண்ணு, கண் வண்டி மேல இருக்கும், ஸ்கிரீன் மேல இருக்காது, கண்ணாடியில நடு எங்கன்னு விரலுக்குத் தட்டுப்படாது. அதனால ஜாய்ஸ்டிக்கை ஒரே இடத்துல நிறுத்தாம, ஸ்கிரீன்ல இடது பாதியில விரல் எங்க படுதோ அதையே நடுவா எடுத்துக்கிட்டு வட்டத்தை அங்க கொண்டுவர்ற மாதிரி மாத்தினேன். பையன் பாக்காமலே ஓட்டறான் இப்போ.

லேப்டாப்ல கிவி ஆப்பை டெஸ்ட் பண்றவங்களுக்கு, வலது கிளிக் பண்ணா சிவப்புப் புள்ளி ஒண்ணு நின்னுடும், அது பழுது இல்ல, ரெண்டாவது விரல் இருக்கிறதா கிவி வெச்சுக்குது, ரெண்டு விரல் டெஸ்டுக்கு அதையே பயன்படுத்திக்கலாம். பில்டோசர் ஸ்பெக் ஃபைல்ல இன்டர்நெட் பெர்மிஷன் இருக்கான்னு பாத்துக்கோங்க, இல்லன்னா போன்ல சாக்கெட் வேலை செய்யாது.

இப்போ வலது பாதியில, கேமராவைத் திருப்பற சர்வோ மோட்டாருக்கு ரெண்டாவது ஜாய்ஸ்டிக் போட்டுக்கிட்டிருக்கேன். கிளாஸ் அதேதான், ஆனா கேமராவை ஒரு பக்கம் பாக்க வெச்சுட்டு கையை எடுத்தா அது அங்கயே நிக்கணும், நடுவுக்கு ஓடக் கூடாது. அதனால எக்ஸ், ஒய்யை கோணமா எடுக்காம கோணம் மாற வேண்டிய வேகமா எடுத்துக்கறேன், 50 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமா கூட்டி 0லேர்ந்து 180க்குள்ள நிறுத்தறேன், விட்டா வேகம் ஜீரோ, கேமரா நின்ன இடத்துல நிக்குது. ஜாய்ஸ்டிக் கோட்ல ஒரு வரி கூட மாத்தல.